ஆர்த்திகாவுக்கு ஒரு சோடி

அந்தச் சித்திரை மாதம் முழுக்க எங்கள் கட்டடத்துக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இடியப்பத்தோடு வந்தாள், ஒருத்தி கட்லட்டோடு. மரியதாசன் அண்ணையின் மனைவி பெரிய பெட்டியில் கேக் கொண்டுவந்தார். எல்லோரும் மூன்றாம் மாடிக்கு ஏறி, ஆர்த்திகாவின் தலையைத் தடவி, "விடு பிள்ளை, வெள்ளைக்காரப் பெடியள் உப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். ஏறுகிற சத்தமும் எனக்குத்தான், இறங்குகிற சத்தமும் எனக்குத்தான். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்தப் பிள்ளையை யாரும் காதலித்துக் கைவிடவில்லை. அவளோடு ஆடுகிற சோடி போய்விட்டான், அவ்வளவுதான் நடந்தது. அதை இந்தச் சனத்துக்கு யார் விளங்கப்படுத்துவது?

ஐஸ் நடனம் என்று ஒரு போட்டி இருக்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சறுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் விட்டு விலகாமல், பாட்டுக்கு ஆடவேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து ஆர்த்திகாவுக்குச் சோடி மத்தியூ என்ற கியூபெக் பெடியன். எட்டு வருடம் ஒரே கையைப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். என்னைக் கலியாணம் கட்டிய மனுசன் என் கையை அவ்வளவு நேரம் பிடித்ததே இல்லை.

அவள் ஆடுகிற விதம் தனி. மற்றப் பெண்கள் நடுவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள். இவள் காட்டமாட்டாள். முழங்காலை மடித்து, உடம்பைச் சரித்து, நீளமாக, அவசரமே இல்லாமல் போவாள். முகம் எந்நேரமும் மத்தியூவின் பக்கம் இருக்கும். "சபையிலை ஒருத்தரும் இல்லை, அவன் மட்டும்தான் நிக்கிறான் எண்டமாதிரி ஆடுறாளாம். அதுதான் அவளின்ரை அழகாம்" என்று, பயிற்சியாளர் மெலனி பிரெஞ்சில் சொன்னதைத் தாய் நிரஞ்சனி எனக்குத் தமிழில் சொன்னாள். மகள் மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பாள்.

வினை அந்த அழகில்தான் இருந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்த படங்களை நிரஞ்சனி பெருமையாக ஃபேஸ்புக்கில் போட்டாள். பார்த்த சனம் அவனை மாப்பிள்ளையாக்கிவிட்டது. பொங்கலுக்கு வந்தவனுக்கு வேட்டிகூட எடுத்துக் கொடுத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு கட்டினான்.

முந்தைய மாரியில் கனடா அளவிலான போட்டியில் இருவரும் ஒன்பதாவதாக வந்தார்கள். அடுத்த வருடம் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பலாம் என்ற பேச்சும் இருந்தது. வசந்தம் வந்ததும் மத்தியூ உயரம் குறைந்த இன்னொரு பெண்ணோடு ஆடப் போய்விட்டான். நேரே சொல்லக் கூச்சமாம், மெலனியைக் கொண்டு சொல்லுவித்தான்.

"எனக்குக் காதல் கத்தரிக்காய் ஒண்டும் இல்லை அன்ரி," என்றாள் ஆர்த்திகா. துக்கக்காரர்களுக்குத் தப்பி என் வீட்டுக்கு இறங்கி வந்திருந்தாள். "எனக்கு இருபது வயசு. சோடி இல்லாட்டி நான் அரைவாசி ஆள். அரைவாசி ஆளை எந்தப் போட்டிக்கு அனுப்புவினம்?"

அந்த உலகத்தில் பெண்கள் கொட்டிக் கிடக்கிறார்கள், பெடியன்களுக்குத்தான் பஞ்சம். ஆகவே பெடியன் வந்து பார்ப்பான், பெண் ஆடிக் காட்டவேண்டும். ஆவணியில் கிங்ஸ்ரனிலிருந்து ஒருவன் தாயோடு வருகிறான் என்று செய்தி வந்தது. நிரஞ்சனி விடியவே எழும்பி வடை சுட்டாள். நல்ல சேலையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். "அம்மா, இது ட்ரை-அவுட். கலியாணமில்லை" என்று மகள் சிரித்தாள். துணைக்கு நானும் அவள் பழகுகிற ஐஸ் அரங்குக்கு, அந்த அரீனாவுக்கு, போனேன்.

மகள் சிரித்தாளே தவிர, அங்கே நடந்தது அச்சொட்டாகப் பெண் பார்த்தல்தான். இரண்டு பேரையும் முதுகோடு முதுகு வைத்து உயரம் பார்த்தார்கள். பெடியனின் தாய் ஆர்த்திகாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தாள். முன்பு எங்கேயாவது முறிவு சுளுக்கு உண்டா என்று விசாரித்தாள். பெடியன் வடை இரண்டு சாப்பிட்டான். பிறகு ஐஸில் இறங்கினார்கள். முதல் சுற்றில் கை கைக்குப் பழகவில்லை. போகப் போக ஆர்த்திகா தன் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். எனக்குச் சறுக்கலைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகத்தைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நாங்கள் அறிவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

திரும்பி வரும்போது ஆர்த்திகா வாய் ஓயாமல் கதைத்தாள். அவன் "சுப்பர்" என்று சொன்னானாம். திருப்பத்தில் இவளைத் தூக்கியபோது கை நடுங்கவே இல்லையாம். நிரஞ்சனி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு அந்தப் பிள்ளை போனும் கையுமாகத் திரிந்தாள். குளிக்கப் போனாலும் போன் கூடப் போகும். இன்னொன்றையும் நான் கவனித்தேன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பவள், தோளைக் குறுக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். கட்டையாகத் தெரியவேண்டுமாம். வீட்டுக்குள்ளேயே பழகினாளாம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசவும் மனம் வரவில்லை.

கடைசியில் நிரஞ்சனிதான் வாய் திறந்தாள். நான் அப்போது அவர்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நிமிந்து நில் பிள்ளை," என்றாள். "அவையள் உன்னை எடுக்க மாட்டினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பிடிச்சிருந்தா அண்டைக்கே முகத்திலை தெரிஞ்சிருக்கும். என்னையும் எத்தினை பேர் பாக்க வந்தவை. பேந்து சொல்லுறம் எண்டு போனவை ஒருத்தரும் எனக்குப் பேந்து சொல்லேல்லை."

ஆர்த்திகா போனை மேசையில் வைத்தாள். மத்தியூ போனபோது அழாத பிள்ளை அன்றைக்கு அழுதாள். "எனக்கு ஆள் வேணும் அம்மா. கலியாணத்துக்கில்லை, ஆடுறதுக்கு. தனிய எனக்கு ஆடத் தெரியாது," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இடியப்பமும் கட்லட்டும் கொண்டு யாராவது வருவதென்றால் அன்றைக்கு வந்திருக்கவேண்டும். ஒருவரும் வரவில்லை. படி அமைதியாகக் கிடந்தது.

கிங்ஸ்ரனிலிருந்து பதில் வரவே இல்லை. மெலனி ஒரு வழி சொன்னாள். ஐஸ் நடனத்தைத் தனியாக ஆடுகிற பிரிவும் உண்டு. ஒலிம்பிக்கில் அது இல்லை, பெரிய பேரும் வராது, ஆனால் ஐஸில் நிற்கலாம். ஆர்த்திகா சம்மதித்தாள். பகலில் டிப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் கல்லாவில் நின்றாள், பின்னேரங்களில் அரீனாவுக்குப் போனாள். அவளுக்கு வந்த பெரிய கஷ்டம், முகத்தை எங்கே வைப்பது என்பது. நடுவர்களைப் பார்த்துச் சிரி என்று மெலனி சொன்னாள். இவள் சிரித்தால் பற்பசை விளம்பரம்போல இருந்தது. அந்த முயற்சியை இரண்டு பேருமே கைவிட்டார்கள்.

தை மாதம் போட்டி வந்தது. தகப்பன் நகுலேஸ்வரனுக்கு டவுன்டவுன் ரெஸ்ரோரன்ற் குசினியில் லீவு கிடைக்கவில்லை. நிரஞ்சனியும் நானும் போனோம். அரைவாசிக்கு மேல் கதிரைகள் வெறுமை. ஒலிபெருக்கியில் ஒரு பெயரை மட்டும் வாசித்தார்கள்.

அவள் ஆடினாள். முகத்தை எங்கள் பக்கமும் வைக்கவில்லை, நடுவர்கள் பக்கமும் வைக்கவில்லை, தூரத்தில் எங்கேயோ வைத்துக்கொண்டு ஆடினாள். பழைய நீளம் இருந்தது, பழைய சரிவு இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நிரஞ்சனி மூச்சு விட்டாளோ தெரியாது.

பாட்டு நின்றது. சோடியாக ஆடுகிறவர்கள் முதலில் சபைக்குக் குனிவார்கள், பிறகு ஒருவருக்கொருவர் திரும்பிக் குனிவார்கள். ஆர்த்திகா எங்களுக்குக் குனிந்தாள். நிமிர்ந்து, இடப்பக்கம் திரும்பி, வெறும் ஐஸைப் பார்த்து மெதுவாகக் குனிந்தாள். எதிரே நிற்கிறவன் குனிந்து நிமிர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள். சனம் அதையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டியது.

வாசலுக்கு வந்தவளை நிரஞ்சனி கட்டிப்பிடித்து, "நல்லா ஆடினனி பிள்ளை. கடைசியிலை அந்தப் பக்கம் திரும்பிக் குனிஞ்சியே, அது மெலனி சொல்லித் தந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா," என்றாள் ஆர்த்திகா. "தனிய எண்டதை மறந்துபோனன்."