அட்டைக்கு உப்புப் போடாதீர்கள்

ஜெயராணி அக்கா போய்விட்டார். இன்று காலை, ஹட்டனில், அவருடைய வீட்டில். மாரடைப்பு.

எங்கள் பொம்மலாட்டத்தில் அட்டைக்குக் குரல் கொடுத்தவர். பார்த்தவர்களுக்கு இது போதும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்...

நாங்கள் மூன்று பேர். அக்கா, சுரேஷ், நான். தேயிலைத் தோட்டங்களிலுள்ள பாலர் பாடசாலைகளுக்குப் போய்க் கைப்பொம்மை ஆட்டுவோம். கோபம் வந்தால் மூச்சை இழுத்து விடும் சிறுத்தை. பயத்தைப் பயம் என்று சொல்லப் பழகும் மான். கூச்சம் வந்தால் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் நத்தை.

ஆமாம், முதலில் நத்தைதான். நான் எழுதிய ஸ்கிரிப்டில் அட்டையே கிடையாது.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் ஷோ. நத்தையின் உடம்பு கறுப்புக் குடைத்துணி. ஓடு தனி. கழற்றி மாட்டலாம். தையல்காரியான அக்காவின் கண்டுபிடிப்பு. பெருமை தாங்காமல் வழியெல்லாம் அந்த ஓட்டை எடுத்துப் பக்கத்து சீட்காரர்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்.

"ஓடு இல்லாட்டி என்னா புள்ள? நத்தை குளிக்கப் போகுதுன்னு சொல்லிக்குவோம்."

திரைக்கு மேலே அது தலையை நீட்டியது. கறுப்பாக, பளபளத்து, நெளிந்து.

அப்புறம்...

"அட்டை! டீச்சர், அட்டை!"

அத்தனை கால்களும் பெஞ்சுக்கு மேலே ஏறிவிட்டன. "உப்பு போடுங்க டீச்சர்! உப்பு போடுங்க!" இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்க அம்மாக்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள். வேறு என்ன சொல்வார்கள்.

நான் திரைக்குப் பின்னால் உறைந்து நின்றேன். அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஐயையோ, உப்பு வேணாஞ்சாமி!" என்றது நத்தை. அந்த இடத்தில் அது அட்டை ஆகிவிட்டது. "எல்லாரும் என்னைய உதறி உதறி விடுறீங்க. ஒரு ஆளாச்சும் வா, ஒக்காருன்னு சொன்னீங்களா?"

சிரிப்பு. பிறகு, முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், ரொம்ப யோசித்து: "கடிக்காம வருவியா?"

"பாக்குறேன் தங்கம். பழகணும்ல."

அதே இடத்துக்கு நான் எழுதியிருந்த வசனம், "நான் புறக்கணிக்கப்பட்டதாக உணர்கிறேன்." ரிகர்சலில் அதை வாசித்துவிட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா புள்ள, நத்தை கவர்மெண்டு கச்சேரிக்கு மனு எழுதுதா?"

ஆனால் அக்காவுக்கு நிறுத்தத் தெரியாது. அட்டையின் பங்கு ஒவ்வொரு ஷோவிலும் வளர்ந்தது. பாதி நேரம் அட்டைதான். ஒருநாள் சுரேஷ் பொறுக்காமல் சிறுத்தையைத் தூக்கி நிறுத்தி, "அக்கா, நானும் வந்து நிக்கிறேன். எனக்கும் பேச விடுங்க" என்றான்.

"பாருங்க பிள்ளைங்களா, சிறுத்தைக்குக் கோவம் வந்திருச்சு! மூச்சு இழுக்கச் சொல்லுங்க!"

கட்டடமே மூச்சை இழுத்தது. சிறுத்தையும் இழுத்தது. சுரேஷும்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அட்டையைக் கையிலிருந்து கழற்ற மாட்டார். "மல்லி, அட்டைக்கு ஹாஃப் டிக்கெட்" என்று கண்டக்டர் தம்பியிடம் அதன் குரலிலேயே கேட்பார். அவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சிங்களத்தில், "கூடெல்லாட்ட டிக்கட் ஓன நே, அக்கே." அட்டைக்கு டிக்கெட் வேண்டாமாம். பஸ் முழுக்கச் சிரிப்பு.

இன்று அக்கரப்பத்தனையில் ஷோ.

"நெஞ்சு கரிக்குது, கேஸ் போல. நீங்க போங்க. அட்டைக்கு லீவு" என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். பொம்மை என் பையில் இருந்தது. எடுப்பதாக இல்லை.

திரையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் அழைத்தாள். சொன்னாள்.

பிள்ளைகள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். "நிப்பாட்டிட்டுப் போயிருவோமா?" என்று சுரேஷ் கேட்டது போனில் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"வேணாண்ணே. பிள்ளைங்கள ஒக்கார வச்சிட்டு வந்தீங்கன்னா அம்மா ஏசுவாங்க. முடிச்சிட்டே வாங்க."

சிறுத்தை வந்தது. மான் வந்தது. முடிக்கப் பார்த்தோம்.

"அட்டை எங்க?"

போன தடவை பார்த்த பிள்ளைகள். மறக்கவில்லை. "அட்டை! அட்டை!" பெஞ்சில் தாளம். சுரேஷ் என்னைப் பார்த்தான். நான் மானுக்கு மட்டும் பேசுகிறவள். முணுமுணுப்பது போல ஒரு குரல். அக்காவுடைய குரல் என்னிடம் இல்லை.

கையை உள்ளே விட்டேன். நெளிந்து நெளிந்து மேலே ஏறினேன்.

"உப்பு! உப்பு!" அதே கூச்சல். அதே சந்தோஷம். கால்கள் எல்லாம் பெஞ்சுமேல்.

"ஐயையோ, உப்பு வேணாஞ்சாமி..." குரல் பாதியிலேயே உடைந்தது.

கூச்சல் நின்றது. ஒரு பிள்ளை கேட்டது: "அட்டைக்குத் தடிமனா? சளியா?"

ஆமாம் என்றிருக்கலாம். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்பவர்கள் நாங்கள்.

"இல்ல... எனக்கு இன்னைக்கு அழுகையா வருது."

முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். கையைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா. ஒட்டிக்க."

ஒட்டிக்கொண்டேன்.

அவ்வளவுதான்... "எனக்கும்! எனக்கும்!" ஸ்வெட்டர்கள் எல்லாம் மேலே ஏறின. திரை சாய்கிற அளவுக்குக் கைகள். அக்கா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்குத்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறோம். அட்டை என் மடியில் இருக்கிறது. அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை.

போயிட்டு வாங்க அக்கா. யாரும் உப்பு போட மாட்டாங்க.