படிக்கட்டைப் படம் பிடித்த அக்கா

பேருந்துப் பணிமனையில் எல்லாருக்கும் அவர் ஷெட் அக்காதான். பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று மேசையில் ஒரு பலகை இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கிரீஸ் டப்பாவை மூடாமல் போனது யார், ஓய்வறை மின்விசிறி ஏன் முனகுகிறது, எல்லாம் அக்கா தலையில்தான் விடியும். அழகு, கலை என்று எதற்கும் மயங்குகிற ஆள் இல்லை அவர். அவர் எடுத்த குடும்பப் படங்களில் ஒருவருக்கும் தலை இருக்காது. "அளவெடுக்க வசதியா இருக்கு," என்பார் அவர் வீட்டுக்காரர். அவர் தையல்காரர்.

பணிமனைக்குப் பின்னால், மாடியில் இருக்கும் ஓய்வறைக்கு ஏற ஓர் இரும்புப் படிக்கட்டு. கைப்பிடியைப் பிடித்தால் உள்ளங்கை செங்கல் நிறமாகிவிடும். பிடிக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. புதுப் படிக்கட்டு வேண்டுமென்று அக்கா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த இன்ஜினியர், "வாயால சொன்னா எப்படி மேடம்? போட்டோ எடுத்து அனுப்புங்க," என்றார்.

காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்த நேரம் அக்கா போனை எடுத்துக்கொண்டு போனார். குனிந்தார். இன்னும் குனிந்தார். அப்புறம் மண்டியே போட்டுவிட்டார். பழைய பச்சைப் பெயிண்ட் சருகு மாதிரி சுருண்டு நிற்க, அடியிலிருந்து துரு காவியும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாகக் கசிந்திருந்தது. ஓரிடத்தில் அது அச்சு அசல் ஒரு தீவுக்கூட்டம். பக்கத்தில் மூக்கு நீண்ட ஒரு மனிதர் அந்தத் தீவுகளைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் இவரை மிதித்துக்கொண்டா போனோம் என்று அக்காவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எடுத்ததில் நல்லதாகப் பார்த்து ஒன்றை அனுப்பினார். பதில் உடனே வந்தது. "பிரமாதம் மேடம். சூரியன் மறையறப்ப எடுத்ததா?"

படிக்கட்டு வரவில்லை. சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அக்கா இன்னும் கிட்டப் போய் எடுத்து அனுப்பினார். இன்ஜினியர் அதைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டாராம். அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. துருவுக்குத் தண்ணீர் தெளித்தால் நிறம் தூக்கிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். தினமும் ஒரு குவளைத் தண்ணீரோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். ஏறி இறங்குகிற ஓட்டுநர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"அக்கா, துருவுக்குத் தண்ணி ஊத்தி வளக்கறீங்களே," என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ ஸ்பானரைப் பாரு. எனக்கு வெளிச்சத்தை மறைக்காத."

ஒரு நாள் அந்த மெக்கானிக்கே மேலே ஏறும்போது ஒரு படி பொத்தென்று போய், அவன் கால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. அடிபடவில்லை, ஆனால் காலை உருவ முடியவில்லை. சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். பார்த்தார். உடைந்த விளிம்பு வழியாக வெயில் இறங்கி, துருத்தூள் பொன்தூளாக மிதந்துகொண்டிருந்தது.

"அசையாதப்பா."

"கையக் குடுங்கக்கா."

"தரேன், தரேன். முதல்ல கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ."

படம் எடுத்த பிறகுதான் கையைக் கொடுத்தார். இதைப் பார்த்தால் தலைமை அலுவலகமே நடுங்கிவிடும் என்று அனுப்பினார். சாயங்காலம் இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது. "அற்புதம் மேடம். அந்தக் கால் இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அதைப் படித்த மெக்கானிக் எகிறினான். தன் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய், நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தான். பாதிப் படத்தில் அவன் கட்டைவிரல். மீதிப் பாதி ஆடிப்போய், படிக்கட்டு இடிந்து விழுகிறதா நிற்கிறதா என்று தெரியாத லட்சணத்தில் இருந்தது. அனுப்பிய சற்று நேரத்தில் இன்ஜினியர் பதறிப்போய்ப் போன் செய்தார்.

"ஐயையோ, என்னங்க இது? இவ்வளவு மோசமா இருக்குன்னு ஏன் யாருமே சொல்லலை?"

அந்த வாரமே வெல்டர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். புதுப் படிக்கட்டு சாம்பல் நிறத்தில், ஒரு மாசு மருவில்லாமல், பார்க்கச் சகிக்காமல் நின்றது. அக்கா வெல்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தீவுக்கூட்டம் இருந்த பழைய படியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறைச் சுவரில் மாட்டினார்.

தையல்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். "ஏம்மா, இது என்ன?"

"நல்லாப் பாருங்க. ஒருத்தர் யோசிச்சிட்டு இருக்காரா இல்லையா?"

"அவரு யோசிக்கட்டும். தூள் கொட்டுதே. கீழ என் வெள்ளைச் சட்டை இருக்கு."

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு லைனிங் துணியில் படிக்கு ஓர் உறை தைத்தார் தையல்காரர். யாராவது பார்க்க வந்தால் மட்டும் பித்தானைக் கழற்றிக் காட்டலாம் என்பது ஒப்பந்தம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் அதற்குச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரே நேரில் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அக்கா பித்தானைக் கழற்றிக் காட்டிய படியைக் கிட்டப் போய்ப் பார்த்தவர், கூச்சத்தோடு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே துருப்பிடித்த ஒரு கதவுக் கீல்.

"எங்க வீட்டு பாத்ரூம் கதவுல இருந்தது மேடம். உங்களுக்காகக் கழட்டிட்டேன்."

"அப்ப கதவு?"

"சாத்திக்க முடியலை. வீட்டுல என்னோட பேசறதில்லை."

அக்கா கீலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஊதா கூட இருந்தது. அவர் போனைத் தேடி எழுந்தார். தையல்காரர் அளவு நாடாவை எடுத்து, கதவு எவ்வளவு உயரம் அகலம் என்று இன்ஜினியரிடம் கேட்டார். எப்படியும் ஒரு திரை தைக்க வேண்டியிருக்கும்.