பிடித்து வைத்த கூலி

கராம்பு பறித்த கூலியில் நான் கணபதிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது தொண்ணூற்று இரண்டாயிரம் ரூபாய். கையில் இல்லாமல் அல்ல. பிடித்து வைத்திருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மடவளையில் மிளகு மூட்டை சுமந்து தொடங்கி, இன்று நாலு ஊர்க் கராம்பு மரங்களுக்கு மொட்டு விடும் முன்பே விலை பேசுகிறேன். மரம் ஏறுகிறவர்களுக்குப் பாதிக் கூலி அன்றன்றைக்கு, மீதி சீசன் முடிந்த பிறகு. அப்படி வைத்தால்தான் இடையில் வேறு முதலாளியிடம் ஓடமாட்டார்கள். இதைப் படித்தவன் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கணபதி ஓடுகிற ஆளும் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் கலகெதரப் பக்கம் இறங்கி வந்தவர். முப்பது வருடமாக மரம் ஏறுகிறார். ஐம்பது அடி உயரத்தில் காற்று பிடித்தால் மற்றவர்கள் அலறி இறங்குவார்கள். அவர் பறிப்பதை நிறுத்தி, மரத்தைக் கட்டிக்கொண்டு, அது ஆடும் பக்கமெல்லாம் ஆடுவார். ஓய்ந்ததும் விட்ட கொத்திலிருந்து பறிப்பார். அப்படி ஒருவரைக் கண்டெடுத்தது என் கண்தான்.

போன சீசனில் பறிப்பு பாதியில் இருக்கும்போது மழை பிடித்தது. ஆறு நாள் வெயிலே இல்லை. என் முற்றத்தில் எண்ணூறு கிலோ பச்சைக் கராம்பு தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் வெந்து கிடந்தது. கிளறக் கிளற மொட்டு வெளிறியது. போனில் வானிலை பார்ப்பேன், பிறகு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை.

"நீங்க முறைச்சிப் பாத்தா மழை பயந்து போகுமா?" என்றாள் என் மனைவி ருக்கியா.

ஏழாம் நாள் காலை கணபதி நனைந்து வந்து நின்றார். அவர் வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. முதல் நாள் கை நுழைந்த இடத்தில் இப்போது கால் நுழைகிறதாம். ஊற்றுத் தண்ணீர் சேறாக வருகிறதாம். கிராம சேவகர் இறங்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒதுங்க இடமில்லை, நிறைந்துவிட்டது. டவுனில் ஓர் அறை பார்த்திருக்கிறார், மூன்று மாத வாடகை முன்பணம் கேட்கிறார்கள். மனைவி சுப்பம்மாவும் மகளும் இன்னும் அந்த வீட்டில்தான்.

நான் முற்றத்தைக் காட்டினேன். ஆறு லட்சம் அழுகிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தூக்கமே இல்லை, மழை விடட்டும் பார்க்கலாம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. படங்கின் நுனியைத் தூக்கி ஒரு பிடி மொட்டை முகர்ந்தார்.

"இது போயிருச்சுங்க மொதலாளி. மழைய உங்களால புடிச்சு வைக்க முடியாது. என் கூலியத்தான் புடிச்சு வச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

என்னிடம் அப்படிப் பேசி யாரும் போனதில்லை. மழையும் மலையும் என் கையில் இல்லை, கராம்பும் இனி இல்லை. அலுமாரியில் காசு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கராம்பை அள்ளிக் கொட்டச் சொல்லிவிட்டு, லொறியை நானே ஓட்டினேன்.

பகல் ஒரு மணிக்கு விளக்குப் போட்டுத்தான் போக முடிந்தது. கணபதி வீட்டு ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. பின்சுவர் நெரிந்து, கதவு மூட முடியாமல் நின்றது. மலைக்குள்ளே கல் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பஸ் மாறி அப்போதுதான் வந்து சேர்ந்த கணபதி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காசு கொண்டு வந்திருக்கிறேன் என்று மடிப்பையைத் தொட்டேன்.

"காசு எண்ணுறதுக்கு இதுதானா எடம்? வண்டிய எடுங்க மொதலாளி," என்றார் சுப்பம்மா.

சாமான் பாதியை விட்டுவிட்டு நால்வரும் இறங்கினோம். சந்திக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். மேலே பாக்கு மரங்கள் விழவில்லை. நின்றபடியே, வரிசையாக, கீழே நகர்ந்து வந்தன. வீட்டின் கூரை அவற்றுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தெரிந்தது.

சுப்பம்மா மகளின் முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டார். மழை அதே கனத்தில் பெய்தது. கணபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்தார்.

"இப்ப எண்ணுங்க."

ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் பதினெட்டு. ஈரத்தில் ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவர் கையில் எண்ணி வைத்தேன். கடைசியாக ஆயிரம் ரூபாய்த் தாள் இரண்டு.