சாயங்காலம் எப்படித் திரும்பி வருவீங்க?

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதக் கடைசியில், கொல்லிமலையில் நடந்தது இது. அப்போது நான் சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தெட்டு. எந்த ஊருக்கு எந்த ரயில் என்று ஆபீஸில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். தேசப்படத்தை விரித்துவிட்டால் உலகமே என் மடியில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பைக் கரைத்தது ஒரு கேள்வி.

வக்கீல் ஐயாவுக்கு அடுத்த கோடை விடுமுறையில் ஐரோப்பா போய்வர ஆசை. அவருக்கு ஆசை என்றால் அவர் மனைவிக்கு அது பல வருஷத்துத் தவம். பள்ளிக்கூட நாளிலிருந்தே பனிமலை, பாலம், மாதாகோவில் என்று பத்திரிகையில் வந்த படங்களையெல்லாம் வெட்டி ஒரு தடிமனான நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். எந்த ஊரில் எந்த ஆறு ஓடுகிறது என்று என்னையே மடக்குவார். ஆனால் அந்த அம்மாளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. வந்துவிட்டால் இரண்டு நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும்.

டாக்டர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். நாளுக்கொரு ஊராகப் பெட்டி தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. ஒரே ஊரில் தங்கி, பக்கத்து இடங்களைப் பகலில் பார்த்துவிட்டு, இரவு அதே படுக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டாவது, கப்பல் டிக்கெட்டுக்கு எழுதுவதற்கு முன்னால் குளிர்ந்த மலையில் ஐந்து நாள் நடந்து பார்க்க வேண்டும். தாங்கினால் அந்த அம்மாள் போகலாம். தாங்காவிட்டால் ஐயா மட்டும் போவார்.

இரண்டு ஏற்பாட்டையும் ஐயா என் தலையில் கட்டினார். எனக்குக் கசக்குமா? பட்டணத்துக் கப்பல் ஏஜெண்டுக்கு எழுதி, படம் போட்ட புத்தகங்களும் ரயில் நேர அட்டவணைகளும் வரவழைத்தேன். ஐயா பாரிஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் ஸ்விட்சர்லாந்தில் ஏரியைப் பார்த்தபடி மலைமேல் இருக்கும் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கேட்டால் இன்று வெட்கமாக இருக்கிறது. அந்த ஊர்ப் படம்தான் புத்தகத்தின் அட்டையில் இருந்தது.

கொல்லிமலையிலும் அதே வேலையைத்தான் செய்தேன். வாழவந்தி நாடு என்ற பகுதியில் ஒரு மேட்டின் உச்சியில், சமவெளி வியாபாரி ஒருவர் தம் காப்பித் தோட்டத்துக்காகக் கட்டிய ஓட்டு வீடு இருந்தது. நாலு பக்கமும் மலையும் பள்ளத்தாக்கும் தெரியும் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவுதான், அதையே பேசி முடித்துவிட்டேன்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து அம்மாளை டோலியில் தூக்கிப் போனார்கள். நானும் ஐயாவும் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின்னால் நடந்தோம். மேட்டு வீட்டு வாசலில் டோலியை இறக்கியதும் அந்த அம்மாள் நின்று சுற்றிலும் பார்த்தார். கீழே படிப்படியாக நெல் வயல்கள், அதற்கப்பால் நீலநீலமாய் மலைகள். "நல்ல எடமாத்தான் பிடிச்சிருக்கீங்க தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி நடந்து பார்ப்பதுதானே வேலை என்று டோலிக்காரர்களை ஐந்தாம் நாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் கீழே ஓடைக்கரையில் இருந்த கோவிலைப் பார்க்கப் போனோம். இறக்கத்தில் அம்மாள் சிறுபெண்போல் நடந்தார். ஓடையில் கால் நனைத்தார். சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் தணிந்ததும் திரும்பி ஏற ஆரம்பித்தோம். பாதி மேட்டில் அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் நாற்பது ஐம்பது அடி வைத்திருப்பார், ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி இறங்குகிறது, பேச்சு வரவில்லை. மேலேயிருந்து குளிர்காற்று வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

ஐயா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே, "கப்பலுக்கு ஒரு டிக்கெட் போதும்னு எழுதிடுங்க" என்றார். அந்த அம்மாள் அதைக் கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. அவர் பார்த்த பார்வையில் நான் அப்படியே கூசிப்போனேன்.

அந்தப் பாதையில் எங்களுக்கு எதிரே வந்தவர்கள் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் கேழ்வரகுக் கதிர்க்கட்டு, வாழைத்தார், விறகு. ஏறிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும். இது என் கண்ணில் பட்டதே தவிர மண்டையில் உறைக்கவில்லை.

கதிர்க்கட்டோடு இறங்கி வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், எங்களைக் கண்டதும் நின்றார். கட்டைப் பாறைமேல் இறக்கிவைத்துவிட்டு அம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, பொழுது சாயற நேரத்துல இழுப்பு இருக்கறவங்கள மேல கூட்டிப் போறீங்களே" என்றார்.

மேட்டு வீட்டில்தான் தங்கியிருக்கிறோம் என்று ஐயா சொன்னார். எங்கள் ஜாகையைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. "கீழ எங்க ஊட்டுக்கு வாங்க. எறக்கந்தானுங்க, மெதுவா வந்துரலாம்" என்று மட்டும் சொன்னார். கதிர்க்கட்டைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, அம்மாளின் தோளை அணைத்தபடி நடந்தார். நான் அதுவரை சுமந்ததெல்லாம் கேஸ்கட்டுதான். அன்றைக்குக் கழுத்து பட்ட பாட்டை அனுபவித்தால்தான் தெரியும். ஆனால் அந்தத் தண்டனை எனக்கு வேண்டியிருந்தது.

அவர் வீடு வயலுக்குச் சற்று மேலே, மேடு இறங்கி முடிகிற இடத்தில் காற்றுக்கு மறைவாக இருந்தது. புல் வேய்ந்த வீடு. அங்கிருந்து பார்த்தால் எதிர்மேடு ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது. அவர் சுக்கும் மிளகும் தட்டிக் கொதிக்கவைத்து, மலைத்தேன் விட்டுக் கொடுத்தார். அவர் கணவர் தானியம் வைத்திருந்த அறையை ஒழித்து, எங்களுக்குப் பாய் விரித்தார். விளக்கேற்றும் நேரத்துக்கெல்லாம் அம்மாளுக்கு மூச்சு சீராகிவிட்டது.

காலையில் எழுந்ததும் ஐயா ஊருக்குக் கிளம்பலாம் என்றார். அந்த அம்மாள் அசையவில்லை. "டாக்டர் அஞ்சு நாள்னுதானே சொன்னார்? ரெண்டு நாள்தான் ஆகியிருக்கு. சாட்சி விசாரணை முடியறதுக்குள்ள தீர்ப்புச் சொல்ற வழக்கம் உங்க கோர்ட்டுல உண்டா?" என்று கேட்டார். எத்தனையோ ஜட்ஜுகளைப் பேசிக் கவிழ்த்த மனிதர், திரும்பிப்போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

பிறகு அந்தப் பெண்ணிடம், மேலே அவ்வளவு அழகான இடம் இருக்கும்போது எல்லோரும் ஏன் தாழ்வில் வீடு கட்டியிருக்கிறீர்கள் என்று அம்மாள் விசாரித்தார். அந்தப் பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"காடு மேல, ஊடு கீழங்க. காத்தால வெறுங்கையோட ஏறுவோம், ஒடம்புல தெம்பும் இருக்கும். சாயங்காலம் தலையில சுமை இருக்கும், கால்ல சத்து இருக்காது. அப்ப எறக்கமா இருந்தாத்தான ஊடு வந்து சேர முடியும்? எடம் பாக்கையிலயே அதத்தானுங்க மொதல்ல பாப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் எங்களைக் கடந்து இறங்கியவர்கள் எல்லோரும் அப்போதுதான் என் மண்டைக்குள் நடந்துபோனார்கள். நான் பிடித்த வீட்டிலிருந்து எங்கே போனாலும் காலையில் இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். இதற்குத் தேசப்படமா வேண்டும்?

அம்மாள் அதோடு விடவில்லை. தாம் கப்பலேறிப் போகப்போகிற தூரதேசத்தைப் பற்றி ஆசை ஆசையாகச் சொன்னார். இதைவிடப் பெரிய மலைகள், மேலெல்லாம் பனி, மலை மேலேயே ரயில் போகும் என்றெல்லாம் சொன்னார். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அங்கே எங்கே தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். "அதுவும் மலை உச்சிதான். இந்தத் தம்பிதான் பிடிச்சிருக்காரு" என்று அம்மாள் என்னைக் காட்டினார்.

அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அங்க சாயங்காலம் எப்படித் திரும்பி வருவீங்க?" என்று கேட்டார்.

காலையில் அந்த ஊரிலிருந்து கிளம்பும் ரயில்களெல்லாம் எனக்கு மனப்பாடம். திரும்பிவரும் ரயில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

மீதி நாட்களும் அந்தத் தானிய அறையிலேயே தங்கினோம். காலையில் ஏறுவோம், பத்தடிக்கொரு தரம் நிற்போம், அவசரமில்லை. மூன்றாம் நாள் அந்த மேட்டு வீட்டுக்கே ஏறிப்போய், வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அம்மாள் ஒரு மணி நேரம் கண் நிறையப் பார்த்தார். "இது பாக்கறதுக்கு. படுக்கறதுக்கு அந்த ஊடு" என்று கீழே கையைக் காட்டிச் சிரித்தார். 'ஊடு' என்றே சொன்னார்! நாலாம் நாள் செம்மேட்டுச் சந்தை. சாயங்காலங்களில் மலைக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் இறங்கிவந்தோம். இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் விடைபெறும்போது அந்தப் பெண் அம்மாளிடம் ஒரு சிறு மூட்டை மிளகு கொடுத்து, "அந்த ஊருக்கும் எடுத்துட்டுப் போங்க" என்றார். டோலி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் ஐயா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு டிக்கெட்டுக்கு எழுதுங்க" என்றார். நான் முகத்தைத் துடைப்பதுபோல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சேலம் வந்ததும் அட்டவணைகளை மறுபடி விரித்தேன். இந்தத் தடவை சாயங்காலப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் பிடித்திருந்த அழகான மலையூருக்கு எங்கிருந்து திரும்புவதானாலும் இரண்டு மூன்று ரயில் மாற வேண்டும். கடைசியில் மலையேறும் சின்ன ரயிலோ பொழுதோடு நின்றுவிடும். தவறவிட்டால் ராத்திரி கீழேதான் கிடக்க வேண்டும், அதுவும் குளிரில். பார்க்கப் பார்க்க எனக்கே வியர்த்தது. பாரிஸிலிருந்து பனிமலை ஒரே பகலில் போய்வரும் தூரத்தில் இல்லை. தேடித்தேடி, பாசல் என்ற ஊரில் வந்து நின்றேன். ஸ்விட்சர்லாந்தும் பிரான்சும் ஜெர்மனியும் முட்டிக்கொள்ளும் இடம். மூன்று பக்கமிருந்தும் சாயங்கால ரயில்கள் நேராக அங்கே வந்து நின்றன.

இத்தனை தூரம் போய்விட்டு அட்டைப்படத்தில் இல்லாத ஊரிலா தங்குவது என்று ஐயா குறைப்பட்டார். அம்மாள் ரயில் நேரங்களை ஒன்றுவிடாமல் சரிபார்த்துவிட்டு, அதுதான் ஊர் என்று முடித்துவிட்டார். ஐயா பாரிஸை விடவில்லை. கப்பலுக்குத் திரும்பும் வழியில் நாலு நாள் வாங்கிக்கொண்டார்.

ஆனி மாதத்தில் பாசலிலிருந்து எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. பனிமலைப் படமோ மாதாகோவில் படமோ இல்லை. ரயில்வே ஸ்டேஷன் படம். பின்னால் அம்மாளின் கையெழுத்தில் நாலே வரி: நோட்டில் ஒட்டியிருந்ததில் பாதிக்கு மேல் பார்த்தாகிவிட்டது, தினமும் இருட்டுவதற்குள் படுக்கைக்கு வந்துவிடுகிறோம், இழுப்பு வரவில்லை, மலையில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதைச் சொல்வதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். தொப்பியும் கோட்டுமாக நெருக்கியடித்து நின்ற வெள்ளைக்காரக் கூட்டத்தை விரலால் தொட்டார். "இவங்கெல்லாம் ஊட்டுக்குப் போறாங்களாட்ட இருக்குது" என்றார். ஒரு தேசத்தையும் பார்க்காத அந்தப் பெண், அந்தப் படத்தில் பார்த்தது அதைத்தான். உலகப்படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அட்டையைக் கூரைப் புல்லில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

நான் ஐரோப்பாவைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதுமில்லை. ஆனால் பக்கத்து ஊர் போவதானாலும், வாடகைக்கு வீடு பார்ப்பதானாலும், முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் செருப்பை மாட்டுகிறேன்.