ஒரு சொம்பு வாழைத்தண்டு சாறு

"கிட்னிக் கல் ஆபரேஷன் அன்னிக்குப் பச்சத்தண்ணிகூடக் கூடாது"ன்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க. அரியாங்குப்பத்துல பஸ் ஏறக் கிளம்புற நேரம், என் பொண்டாட்டி வாழைத்தண்டு சாறு ஒரு சொம்பு நிறைய நீட்டினா. "வேணாண்டி"ன்னேன். "இது என்ன சோறா, தண்ணியா? கல்லைக் கரைக்கிற மருந்துங்க. குடிங்க." அவகிட்ட வாதாடி ஜெயிச்ச ஆம்பள நான் இல்லை. குடிச்சேன். ஆஸ்பத்திரியில, வெறும் வயிறுதான்னு கையெழுத்தும் போட்டேன்.

முதுகுல ஊசி போட்டாங்க. இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுதில்ல, முழிச்சுக்கிட்டேதான் கிடந்தேன். மூத்திரக் குழாய் வழியா கேமரா விட்டு, கம்பிக்கூடையில கல்லைப் பிடிச்சு இழுக்கணும். அரை மணி நேர வேலைன்னார் டாக்டர். பிடிச்சாச்சு. இழுத்தா வரலை, விட்டாலும் விடலை. கல்லும் கூடையும் உள்ளேயே சிக்கிக்கிச்சு.

"இன்னும் இழுத்தா குழாய் அறுந்துடும். வயித்தைத் திறந்துடலாம், முழு மயக்கம் குடுங்க"ன்னார். மயக்க டாக்டரம்மா ஊசியோட குனிஞ்சாங்க. "காலையில ஒண்ணும் சாப்பிடலையே?"

எழுந்து ஓடக் காலும் இல்லை. சொன்னா என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு வெச்சு வாங்குவாங்க. சொல்லலைன்னா? குடிச்ச சாறு தொண்டையில வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

"சாறு குடிச்சேன் டாக்டர். நானாத்தான் குடிச்சேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு? மயக்கத்துல அது நுரையீரலுக்குள்ள போயிருந்தா ஆளே போயிருப்பீங்க!" ஊசியைத் தட்டுல போட்டாங்க.

வேற வழியில்லாம கூடையோட கைப்பிடியைக் கழட்டிட்டு, கம்பியை உள்ளேயே விட்டுட்டு, பக்கத்துல மறுபடி கேமரா விட்டாங்க. லேசர் வெச்சுக் கல்லைப் பொடி பண்ண ஆரம்பிச்சாங்க. எவ்வளவு நேரமோ தெரியாது. திடீர்னு கால் கட்டைவிரல் அசைஞ்சுது. ஐயோ, மரப்பு விடுதே! மாதாவையும் கும்பிட்டேன், மாரியாத்தாவையும் கும்பிட்டேன். ஒருவழியா கம்பி வெளியே வந்துச்சு. வயித்துல கத்தி படலை.

வார்டுல குட்டி டப்பாவில கல்லுத் தூளைக் குடுத்தாங்க. என் பொண்டாட்டி அதை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "பாத்தீங்களா, நம்ம சாறு எப்படிக் கரைச்சிருக்குன்னு!"

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். வாயைத் திறந்தேன். வெளியில உக்காந்து அழுதழுது அவ கண்ணு வீங்கிக் கிடந்துச்சு. மூடிக்கிட்டேன். இன்னிக்கும் விடிஞ்சா சொம்போட வந்து நிக்கிறா. குடிக்கிறேன்.