மாளிகை பார்க்கப் போன நகுலேஸ்வரன்

நகுலேஸ்வரன் சந்தேகப்படாத பொருள் ஒன்று பலெர்மோவில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பால் வாங்கினால் திகதியைப் பார்ப்பார், பார்த்துவிட்டு மணந்தும் பார்ப்பார். சந்தையில் மீன்காரன் கூப்பிட்டுக் கொடுத்தால், கூப்பிட்டுக் கொடுக்கிற மீன் நேற்றையது என்று விலகிப் போவார். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் அதிலும் ஏதோ பிழை இருக்கிறது என்று நம்பரைத் திரும்பப் பார்ப்பார். ஆளைக் குறை சொல்லவும் முடியாது. லண்டனில் இறக்குகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர், கடைசியில் வந்து இறங்கியது சிசிலித் தீவில், இந்தப் பலெர்மோவில். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை எடுத்தது, பிரான்காச்சோப் பகுதியில் வீடு பார்த்தது, மனைவி நாகபூசணியை ஊரிலிருந்து கூப்பிட்டது, ஒரே மகள் சாம்பவியை வளர்த்தது எல்லாமே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

அப்படிப்பட்ட மனுசனிடம் போய்ச் சாம்பவி, வருகிற சனி ஞாயிறு மூன்று பேருமாக ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொன்னாள்.

இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊரில் ஒரு வழக்கம். வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பழைய மாளிகைகளும் மடங்களும் சனி ஞாயிறுகளில் கதவு திறக்கும். சனம் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வரும். நகுலேஸ்வரன் குடும்பம் இத்தனை வருசத்தில் அவற்றின் வெளிச்சுவரை மட்டும் பஸ்ஸிலிருந்து கண்டிருக்கிறது. சாம்பவியின் திட்டப்படி சனிக்கிழமை ஒரு மாளிகை, ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரைச் சாப்பாடு, பின்னேரம் பொம்மலாட்டம். அவள் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பவள். நேர்ஸ் படி என்று தகப்பன் தலைகீழாக நின்றும் கேட்காமல் போய்ச் சேர்ந்த படிப்பு அது. "செத்த ராசாக்களைப் படிச்சு ஆருக்குச் சோறு?" என்று அன்றைக்குக் கேட்டவர்தான். அதற்குப் பிறகு என்ன படிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதலில் அவருக்கு உறுத்தியது திகதி. மாளிகைகள் புரட்டாசியிலேயே திறந்துவிட்டன. அப்போதெல்லாம் பேசாமல் இருந்தவள், ஐப்பசி பிறந்ததும் முதல் சனியைப் பிடித்திருக்கிறாள். நல்ல காரியம் எதையும் எங்கள் சனம் புரட்டாசியில் தொடங்காது என்பது அவருக்குத் தெரியாதா? எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய கோவில் கலண்டரைப் பார்த்தார். சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு முடிகிறது. மாளிகைக்கு அவள் எடுத்திருந்த நேரம் பதினொன்றரை. பத்தரை தாண்டி வெளிக்கிட்டு பஸ் பிடித்துப் போகக் கணக்காக இருந்தது. சோதினைக்குப் போகும்போதே ராகுவாவது கேதுவாவது என்று சிரிக்கிற பிள்ளை இது. நாள் பார்த்து நேரம் பார்த்துப் போவதற்கு மாளிகையில் என்ன தாலியா கட்டுகிறார்கள்?

அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், மிச்சமெல்லாம் தானாக வந்து பொருந்தியது. அடுப்படியில் தாயும் மகளும் குசுகுசுப்பார்கள், அவர் போனால் பருப்பு வெந்ததா என்று கதை மாறும். நாகபூசணி கலியாணக் கூறைக்கு அடுத்தபடியான நல்ல சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். சாம்பவி வந்து, அப்பா சவரம் எடுத்து அந்த நீலச் சேட்டைப் போடுங்கோ என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாகபூசணியோடு வேலை செய்யும் மன்னார் றோசமலரும் மகன் கிரிசாந்தும் வருகிறார்களாம். கிரிசாந் பாணும் கேக்கும் சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்யும் நெட்டைப் பெடியன், மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம்.

பொம்பிளை பார்ப்பது எப்படி என்று நகுலேஸ்வரனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர் நாகபூசணியைப் பார்த்ததே கோவில் தேரடியில், தற்செயலாகக் காண்பது போல. அந்தத் தற்செயலுக்கு இரண்டு வீட்டாரும் ஒரு மாதம் பாடுபட்டார்கள். இங்கே தேரடி இல்லை, மாளிகையைப் பிடித்திருக்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் வேண்டாம் என்கிற ஆள் அல்ல அவர். வேதக்காரன் என்பதைக்கூட இரண்டு நாள் கத்திவிட்டு விழுங்கியிருப்பார். தன்னைக் கேளாமல் எல்லாம் முடித்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நில் என்கிறார்களே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இருக்கிற ஒரே பிள்ளையும் தன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தப் போகிறாள் என்று அவர் பயந்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிசத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் பொய் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவெடுத்தார்.

சனிக்கிழமை சாம்பவி விடியவே வெளிக்கிட்டுவிட்டாள். நீங்கள் அம்மாவோடு வாங்கோ, நான் அங்கை நிப்பன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

மாளிகை வாசலில் றோசமலர் சேலையில் நின்றாள். பக்கத்தில் கிரிசாந், தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தான். "வாங்கோ மாமா" என்றான். தகப்பன் வயதில் உள்ள எவரையும் பெடியள் மாமா என்றுதான் கூப்பிடும். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் நகுலேஸ்வரனின் காதில் நெருப்பாக விழுந்தது. உள்ளே இருந்து சாம்பவி வந்தாள். கழுத்தில் நாடாவில் ஓர் அட்டை தொங்கியது. இன்றைக்கு இந்த மாளிகையைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்லப் போவது அவள்தான் என்று நாகபூசணி அவர் காதுக்குள் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளை சொல்லவேண்டாம் எண்டவள், திடீரெண்டு காட்டவேணுமாம் என்றாள்.

நல்ல சாட்டு என்று நினைத்துக்கொண்டார் நகுலேஸ்வரன்.

படியேறி ஒரு பெரிய மண்டபத்துக்குப் போனார்கள். கூரையில் படம், சுவரில் பட்டு. இத்தாலிச் சனம் இருபது பேருக்கு மேல் நிற்க, சாம்பவி நடுவில் நின்று பேசத் தொடங்கினாள். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நகுலேஸ்வரன் கிரிசாந்தைப் பார்த்தார். பெடியன் கூட்டத்தோடு நிற்காமல் மெல்ல நகர்ந்து முன்னால் போய், சாம்பவியின் வலப்பக்கத்தில் மணவறையில் நிற்கிற மாதிரி நின்றான். பிறகு போனை எடுத்து நேரே இவரை நோக்கிப் பிடித்தான். மாமனாரின் மூஞ்சியை மன்னாருக்கு அனுப்பப் போகிறானாக்கும். இவர் தூணுக்குப் பின்னால் மறைந்தார். போன் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த அறைக்குப் போனார்கள், அங்கேயும் அதே கூத்து. றோசமலர் யாருடன் சிரிக்கிறாள், நாகபூசணி எங்கே பார்க்கிறாள், கதவடியில் புதிதாக எவனாவது நிற்கிறானா என்று நகுலேஸ்வரனின் கழுத்து ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசி அறையில் பொறுமை கெட்டு, பெடியனைக் கையில் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்.

"ஆரைக் கேட்டு என்னைப் படம் எடுக்கிறாய்?"

கிரிசாந் பயந்துதான் போனான். "சாம்பவிதான் கேட்டவ, மாமா. தான் கதைக்கேக்கை உங்கடை முகம் எப்பிடி இருக்கும் எண்டு தனக்குப் பாக்கவேணுமாம். தனக்குக் கதைக்கிற பதட்டத்திலை பாக்க ஏலாதாம். நாளும் நேரமும் உங்களுக்கெண்டு பாத்து எடுத்தது. ராகுகாலத்திலை நீங்கள் வெளிக்கிடமாட்டியளாம்."

உள்ளே கைதட்டல் கேட்டது.

கிரிசாந் போனை நீட்டினான். நகுலேஸ்வரன் பார்த்தார். நீலச் சேட்டு, சவரம் எடுத்த முகம். அந்த முகம் இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் திரும்புகிறது, தூணுக்குப் பின்னால் போகிறது, கதவைப் பார்க்கிறது. பின்னணியில் மகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஓரிடத்தில் அவள் ஏதோ சொல்லச் சனம் எல்லாம் சிரிக்கிறது. அந்த முகம் சிரிக்கவில்லை, அப்போது அது றோசமலரின் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழுவதையும் ஓட்டி ஓட்டித் தேடினார். ஒரு இடத்திலாவது அது சாம்பவியைப் பார்க்கவில்லை. லண்டன் என்று ஏமாந்து வந்து இறங்கிய அன்றைக்குக்கூட அவர் தன்னை இவ்வளவு மடையனாக நினைத்ததில்லை.

"அழிச்சு விடட்டோ மாமா? எடுபடேல்லை எண்டு சொல்லுறன்" என்றான் கிரிசாந். இந்தப் பெடியனைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஓம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வேண்டாம். குடு அவளிட்டை" என்றார்.

சனம் இறங்கி வந்தது. கடைசியாகச் சாம்பவி ஓடி வந்தாள், முகம் சிவந்திருந்தது. "அப்பா, எப்பிடி இருந்தது?"

நல்லாயிருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் போனைப் பார்க்கும் வரைக்கும் அது தாங்கும்.

"நான் கேக்கேல்லை, பிள்ளை."

அவள் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு, அடுத்த கூட்டம் நிக்குது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். நாகபூசணி வந்து பசிக்குது வாங்கோ என்று கையைப் பிடித்தாள். நீ றோசமலரோடு போய்ச் சாப்பிடு என்று அவளை அனுப்பிவிட்டு, நகுலேஸ்வரன் புதிதாக ஒரு நுழைவுச்சீட்டு எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். சாம்பவி அவரைக் கண்டாள். முதல் வசனத்திலேயே அவள் குரல் தடக்கியது, திரும்பத் தொடங்கினாள். அவரிடம் இருந்ததோ கப்பலில் பொறுக்கிய இத்தாலியன் பாசை. சொன்னதில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. கூரையைப் பாருங்கள் என்று அவள் கையை உயர்த்தியபோது எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.