என் அண்ணன் கட்டிய ஆறு பவுண்டுத் துப்பாக்கி

எங்கள் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற என் அண்ணன் வெர்லின், ஒரு மார்ச் மாதத்தில் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் ஒளித்துவைத்தான். ரொட்டிக்கு மாவு நிறுக்க முடியாமல் அண்ணி டார்லா வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டாள். நான் போய் எட்டிப் பார்த்தால், துப்பாக்கியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருக்கிறான். அறுபது தாண்டிய ஆம்பிளை!

எனக்குக் காரணம் தெரியும். முந்தைய நவம்பரில் நாங்கள் இருவரும் எல்க் மான் வேட்டைக்குப் போய் மலையிலிருந்து இறங்கும்போது அவன் முழங்கால் மடங்கிக்கொண்டது. அவன் துப்பாக்கியை நான் வாங்கி, என்னுடையதோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் டெல்மரும் அவன் கூட்டமும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவன். எங்கள் சுடும் திடலுக்கும் அவன்தான் பொறுப்பு. அவன் நாக்குக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

"என்ன ரோவீனா, ரெண்டு துப்பாக்கி? அண்ணனையும் சேத்து முதுகுல தூக்கிக்க வேண்டியதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான். ஆனால் அவன் காதுகள் இரண்டும் சிவந்துவிட்டன. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அவமானம் முகத்தில் ஏறாது, காதில்தான் ஏறும்.

அப்பா விட்டுப்போன அந்தத் துப்பாக்கி ஒன்பது பவுண்டுக்கு மேல் கனம். அதை ஆறாகக் குறைக்கவேண்டும் என்று அன்றைக்கே அவன் முடிவு கட்டியிருக்கவேண்டும். தோளில் அணைக்கும் வால்நட் மரக் கட்டை போய்க் கார்பன் நார்க் கட்டை வந்தது. குழலைக் குட்டையாகவும் மெல்லிசாகவும் மாற்றினான். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகிவிடும், மூன்றாவது தோட்டா சொன்ன இடத்துக்குப் போகாது. "மலையில எவன் மூணு தடவ சுடறான்?" என்று அதற்கு ஒரு சமாதானம். குறிபார்க்கும் பெரிய ஸ்கோப்பைக் கழற்றிச் சின்னதை மாட்டினான். மங்கலான வெளிச்சத்தில் அதில் ஒன்றும் தெரியாது. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். ஒன்றைப் பெற ஒன்றை விடவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. எதை விடுவது என்பதில்தான் கோட்டைவிட்டான்.

ஒருநாள் வெர்லின் டெல்மரின் கடையில் திருகாணி வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"ஏம்ப்பா, அந்த மூணு பவுண்ட உன் தொப்பையில கொறைச்சா ஆகாதா? அதுக்கு எந்தச் சாமானும் வாங்க வேணாமே," என்றான் டெல்மர்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "அண்ணே, எடைய கொறைக்கிறது சரி. தோட்டாவையும் சின்னதா மாத்திக்க. எடை மட்டும் கொறைஞ்சா, சுடறப்போ ஒதை பூரா உன் தோளுக்குத்தான் வரும்."

"உன் தோட்டா மாதிரியா? அது பொம்பளைங்க சுடறது."

"அந்தப் பொம்பளை சுட்ட கறியத்தானே போன வருஷம் பூரா தின்ன?"

குழல் முனையில் ஓட்டை போட்ட ஒரு சின்னக் குழாயைத் திருகினால் உதை பாதியாகக் குறையும். அதையாவது மாட்டு என்றேன். அது போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்கும் என் காது கிழிந்துவிடும் என்றான். என் காதின் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை! அதை மாட்டினால் டெல்மர் என்ன சொல்வான் என்பதுதான் கவலை. அப்பா சுட்ட பெரிய தோட்டாவைச் சுடவேண்டும், உதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது, மலையில் யார் கையையும் எதிர்பார்க்கக்கூடாது. மூன்றும் அவனுக்கு வேண்டும்.

ஆகஸ்டில் வேலை முடிந்தது. அழகான துப்பாக்கிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒற்றை விரலில் தொங்கவிட்டுக் காட்டினான். அண்ணி கையில் கொடுத்து, "பாரு, பாரு" என்று சின்னப் பையன்போலக் குதித்தான்.

செப்டம்பரில் ஊரே திடலுக்குப் போய்க் குறி சரிபார்க்கும். அங்கே எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சுடுகிறவன் பார்க்காமல் இன்னொருவர் தோட்டா போட்டுக் கொடுப்பார். நடுநடுவே மருந்தில்லாத டம்மியைப் போட்டுவிடுவார். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது உடம்பு முந்திக்கொண்டு குலுங்கும். நிஜத் தோட்டா என்றால் சத்தத்தில் அது தெரியாது. டம்மி என்றால் வெறும் 'டிக்' சத்தமும், மண்ணை நோக்கிக் குனியும் முனையும் மட்டும்தான். பார்ப்பவர்கள் சிரித்து ஓய ஒரு வாரம் ஆகும்.

வெர்லின் திடலுக்கு வரவில்லை. பழைய ஜல்லிக்குழிக்குத் தனியாகப் போய்ச் சுட்டுவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, சட்டைக் கழுத்து விலகிய இடத்தில் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"என்ன அண்ணே அது?"

"பஸ் கதவு இடிச்சிருச்சு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

நவம்பரில் மலை ஏறினோம். எனக்கு முன்னால் ஆடுபோல ஏறினான். மேலே நின்று, "என்ன கெழவி, துப்பாக்கி கனக்குதா? குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றான். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தை அது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மரங்கள் முடியும் இடத்தில் ஒரு கிடா எல்க், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. அவ்வளவு நல்ல வாய்ப்பு வாழ்நாளில் இரண்டு முறை வராது. அவன் படுத்துச் சுட்டான். மிருகம் ஒரு முறை கூனிக்கொண்டு மரங்களுக்குள் ஓடியது.

"தப்பிருச்சு. சுத்தமா படல," என்றான் அவசரமாக.

நான் பைனாகுலரை இறக்கினேன். "முன்னங்காலு தொங்குச்சு அண்ணே."

அவன் காதுகள் சிவந்தன. எழுந்து, அது நின்ற இடத்துக்கு நடந்தான். பனியில் முதலில் சொட்டுச் சொட்டாக ரத்தம், பிறகு ஒரு புதரில் கொஞ்சம், பிறகு ஒன்றுமில்லை. அன்று முழுக்கத் தேடினோம். மறுநாளும் தேடினோம். மத்தியானம் பனி கொட்டி எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. எங்கேயோ ஒரு மிருகம் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது.

வண்டிகள் நிற்கும் இடத்தில் அதே டெல்மர், அதே காபி.

"என்னாச்சு வெர்லின்? புதுத் துப்பாக்கி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் கண்ணுல படல," என்றான் என் அண்ணன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் பக்கம் திரும்பாமல் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

பாதி வழியில் அவன் வண்டியை ஓரங்கட்டினான். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு எல்க்குக்குத்தான் வேட்டை அனுமதிச் சீட்டு. மிருகம் விழுந்ததும் சீட்டில் அன்றைய தேதியை வெட்டிவிடவேண்டும், அதோடு அந்த வருஷத்து வேட்டை முடிந்தது. காயம்பட்டு ஓடியதற்கு வெட்டு என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மானமுள்ளவர்கள் வெட்டிவிடுவார்கள். வெர்லின் சீட்டை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்தான். பேனாக்கத்தியால் தேதியை வெட்டினான்.

"சுடறதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டேன், ரோவீனா. ஜல்லிக்குழியிலயும் அப்படித்தான். தெரிஞ்சுதான் மலைக்கு வந்தேன்."

"தெரிஞ்சேவா வந்த?"

"தெரிஞ்சேதான். டெல்மர் சிரிச்சது காதுலயே நின்னுது. அதுக்காக ஒரு உசுரோட கால ஒடிச்சிட்டேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வெட்டிய சீட்டை வாங்கி மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைத் திடலுக்கு வரச் சொன்னான். வேட்டைக் காலம் முடியவில்லை என்பதால் குறி பார்க்க வந்தவர்களின் கூட்டம் இருந்தது. மேசையில் ஆறு பவுண்டுத் துப்பாக்கியை வைத்து, தோட்டாக்களையும் டம்மிகளையும் டெல்மர் பக்கம் தள்ளினான்.

"நீயே போடு. எதப் போடறேன்னு சொல்லாத."

டெல்மர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று போட்டுக் கொடுத்தான். வெர்லின் குறிபார்த்தான். டிக். முனை மண்ணைக் குத்தப் போவதுபோலச் சடாரென்று குனிந்தது. நாலைந்து பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்படிச் சுட்டுத்தான் செவ்வாக்கிழமை ஒரு கிடாவோட கால ஒடிச்சேன். கெடைக்கல. ஒண்ணும் கண்ணுல படலன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

சிரிப்பு நின்றுவிட்டது. டெல்மரின் முகத்தில் ஈயாடவில்லை.

வெர்லின் என் பக்கம் கை நீட்டினான். "உன் துப்பாக்கியக் குடு."

யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன். கொடுத்தேன். கூடவே என் சின்னத் தோட்டாக்களையும் டம்மிகளையும் கொடுத்தேன். டெல்மர் போட்டுத் தந்தான். டிக். மறுபடியும் முனை குனிந்தது. உதை அதிகமில்லாத துப்பாக்கியிலும் அவன் உடம்பு முந்திக்கொண்டு குலுங்கியது. பயம் துப்பாக்கியைவிட்டு அவனுக்குள் குடியேறிவிட்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

"இன்னொண்ணு போடு," என்றான்.

"போதும் வெர்லின், விடுப்பா," என்றான் டெல்மர் மெதுவாக.

"போடுங்கறேன்ல. அடுத்த நவம்பருக்குள்ள இந்தப் பயம் போகணும். போகலேன்னா நான் மலைக்கு வரல."

டெல்மர் கேலி எதுவும் பேசாமல் இன்னொன்று போட்டான். வெர்லினின் காதுகள் சிவந்தே இருந்தன. அவன் கன்னத்தைக் கட்டையில் பதித்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.